ஜார்ஜ் வியா

ஜார்ஜ் வியா (முழுப்பெயர்: ஜார்ஜ் தாவ்லொன் மன்னே ஓப்போங் ஔஸ்மன் வியா, பிறப்பு: அக்டோபர் 1, 1966) மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தொழில்முறைக் காற்பந்தாட்ட வீரரும் அரசியல்வாதியும் ஆவார். முன்கள வீரரான இவர் மொனாக்கோ, பாரிஸ் சான் ஜெர்மான், ஏசி மிலான் ஆகிய கழகங்களுக்காக ஆடிப் புகழ்பெற்றார். 1995 ஆம் ஆண்டில் பலோன் டோர் எனப்படும் தங்கப் பந்து விருதையும் பீஃபாவின் உலகின் சிறந்த வீரர் விருதையும் ஒருங்கே வென்றார். 2025 ஆம் ஆண்டு விருது வரை, ஆப்பிரிக்க நாடொன்றின் தேசிய அணிக்கு ஆடிக்கொண்டு இவ்விருதுகளைப் பெற்றவர் இவர் ஒருவரே. (1965 இல் தங்கப் பந்தை வென்ற யூசேபியோ மொசாம்பிக்கில் பிறந்தவராயினும் போர்த்துகல் அணிக்காக ஆடியவர்.)

இத்தகைய வீரர் உலகக்கோப்பைப் போட்டி ஒன்றில் கூட ஆடியதில்லை. அல்பிரெடோ டி ஸ்டெஃபானோ, ஜார்ஜ் பெஸ்ட் ஆகியோருடன், உலகக்கோப்பையில் ஆடாத மாபெரும் வீரர்களின் வரிசையில் இவர் பெயரும் இடம்பெறுவதுண்டு. உள்நாட்டுப் போரில் சிதைந்துபோன ஒரு சிறு நாட்டின் அணியைத் தம் சொந்தப் பணத்தில் நடத்திச் சென்றவர் என்பதால், இவரது கழக ஆட்ட வாழ்க்கையும் தேசிய அணி வாழ்க்கையும் முற்றிலும் வேறுபட்டவையாக அமைந்தன. பின்னர் 2018 முதல் 2024 வரை லைபீரியாவின் குடியரசுத் தலைவராகப் பதவி வகித்தார்.

இளமைக்காலம்

வியா லைபீரியத் தலைநகர் மொன்ரோவியாவில் பிறந்தார். இவர் குரு இனத்தைச் சேர்ந்தவர். சதுப்பு நிலத்தின் மீது எழுந்த கிளாரா டவுன் என்னும் குடிசைப் பகுதியில், தந்தைவழிப் பாட்டியாரான எம்மா பிரவுனின் பராமரிப்பில் வளர்ந்தார். பள்ளிக்கல்வியை முழுமையாக முடிக்கவில்லை. இக்குறை பிற்காலத்தில் இவரது அரசியல் எதிரிகளுக்கு வாய்ப்பாக அமைந்தது.

யங் சர்வைவர்ஸ் என்னும் இளையோர் கழகத்தில் ஆடத் தொடங்கிய இவர், பின்னர் மொன்ரோவியாவின் இருபெரும் கழகங்களான மைட்டி பரோல், இன்வின்சிபிள் இலெவன் ஆகிய இரண்டிலும் ஆடினார். இவ்விரு கழகங்களின் ஆதரவாளர்களுக்கும் இடையே கடும் போட்டி நிலவியது. லைபீரியாவில் ஆடியபோதே வாழ்க்கைச் செலவுக்காக அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகத் தொழில்நுட்பப் பணியாளராகவும் வேலை பார்த்தார்.

1987 இல் ஐவரி கோஸ்டின் ஆப்பிரிக்கா ஸ்போர்ட்ஸ் கழகத்தில் சிறிது காலம் ஆடியபின், கமரூன் நாட்டின் தோனேர் யாவுண்டே கழகத்தில் சேர்ந்தார். லைபீரியாவுக்கு வெளியே இவரது திறமை அறியப்பட்டது இங்குதான். அப்போது கமரூன் தேசிய அணியின் பயிற்றுநராக இருந்த பிரெஞ்சுக்காரர் குளோட் லெ ருவா, இந்த இளைஞரைப் பற்றி மொனாக்கோ கழகத்தின் பயிற்றுநரான ஆர்சென் வெங்கரிடம் தெரிவித்தார். அதன் பயனாக 1988 இல் வியா மொனாக்கோவில் சேர்ந்தார்.

மொனாக்கோ (1988-1992)

ஐரோப்பாவுக்கு வந்தபோது வியாவின் வயது 21. உடல் வலிமையும் வேகமும் இருந்தபோதிலும், ஐரோப்பியப் பயிற்சி முறை அவருக்குப் புதியதாக இருந்தது. வெங்கர் அவரைத் தனிக்கவனத்துடன் பயிற்றுவித்தார். ஆட்டத்தில் மட்டுமன்றி, அறிமுகமற்ற நாட்டில் தனித்து வாழவும் வெங்கர் தமக்குத் துணைநின்றதாக வியா பலமுறை கூறியுள்ளார். குடியரசுத் தலைவரானபின், 2018 ஆகஸ்ட் மாதத்தில் வெங்கருக்கும் லெ ருவாவுக்கும் லைபீரியாவின் உயரிய விருதை மொன்ரோவியாவில் வைத்து வழங்கினார். விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கு நாட்டின் உயர் விருதா என்று அப்போது சிலர் வினவியதும் உண்டு.

1989 இல் முதன்முறையாக ஆப்பிரிக்காவின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1991 இல் மொனாக்கோ, இறுதியாட்டத்தில் மார்சேயை 1-0 என வென்று பிரெஞ்சுக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதியாட்டம் வரை முன்னேறி, லிஸ்பனில் ஜெர்மனியின் வெர்டர் பிரேமனிடம் 0-2 எனத் தோற்றது. மொனாக்கோவுக்காக வியா 103 லீக் ஆட்டங்களில் 47 கோல்கள் அடித்தார்.

பாரிஸ் சான் ஜெர்மான் (1992-1995)

1992 இல் பாரிஸ் சான் ஜெர்மான் கழகத்துக்கு மாறினார். டேவிட் ஜினோலா, பிரேசிலின் வால்டோ, பின்னர் ராய் போன்றோர் இடம்பெற்றிருந்த இவ்வணி 1993 இலும் 1995 இலும் பிரெஞ்சுக் கோப்பையையும், 1994 இல் லீக் பட்டத்தையும், 1995 இல் லீக் கோப்பையையும் வென்றது. லீக் ஆட்டங்களில் வியா அடித்த கோல்கள் 96 ஆட்டங்களில் 32 ஆகும். மொனாக்கோவில் அடித்ததை விட இது குறைவு. ஆயினும் இவரை உலகறியச் செய்தது பாரிஸில் கழிந்த இந்த மூன்றாண்டுகளே. ஐரோப்பியப் போட்டிகளில் இவர் காட்டிய ஆட்டமே அதற்குக் காரணம்.

1993 இல் யுஈஎஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் ரியல் மட்ரிட்டைப் பாரிஸ் 4-1 என வென்ற ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவர் வியா. 1994-95 சாம்பியன்ஸ் லீக்கில் பாரிஸ் அணி தன் பிரிவில் ஆறு ஆட்டங்களையும் வென்றது. மியூனிக் நகரில் பேயர்ன் மியூனிக்கை 1-0 என வென்ற ஆட்டத்தில், மாற்று வீரராகக் களமிறங்கிய வியா பல தடுப்பாட்டக்காரர்களைக் கடந்து சென்று அடித்த கோல் பெரிதும் பாராட்டப்பட்டது. காலிறுதியில் பார்சிலோனாவின் காம்ப் நூ அரங்கில் தலையால் முட்டிச் சமநிலைக் கோல் அடித்தார். அரையிறுதியில் ஏசி மிலானிடம் பாரிஸ் தோற்று வெளியேறியபோதும், 7 கோல்களுடன் அப்போட்டித் தொடரில் அதிக கோல் அடித்தவர் வியாவே. தம்மைத் தோற்கடித்த அதே மிலான் கழகத்தில் சில மாதங்களில் சேர்ந்தார்.

ஏசி மிலான் (1995-2000)

மிலானின் புகழ்பெற்ற முன்கள வீரர் மார்கோ வான் பாஸ்டன், கணுக்கால் காயத்தால் 1995 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். அவரது இடத்தை நிரப்பும் பொறுப்பு வியாவின் மீது விழுந்தது. ஃபாபியோ கபெல்லோவின் பயிற்சியில், ஃபிராங்கோ பரேசி, பவுலோ மால்டினி, ரொபர்ட்டோ பஜ்ஜோ ஆகியோருடன் ஆடிய வியா, முதல் பருவத்திலேயே இத்தாலிய லீக் பட்டத்தை (1995-96) வென்றார். அப்பருவத்தில் அணியில் அதிக கோல் அடித்தவரும் இவரே.

தங்கப் பந்து விருது 1956 முதல் ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டுமே வழங்கப்பட்டு வந்தது. பெலேயும் மரடோனாவும் இவ்விருதுக்கு அக்காலத்தில் தகுதி பெற முடியாமல் போனது இதனாலேயே. 1995 இல் விதி மாற்றப்பட்டு, ஐரோப்பியக் கழகங்களில் ஆடும் எந்த நாட்டவரும் தகுதியுடையவர் ஆயினர். விதி மாறிய முதல் ஆண்டிலேயே வியா விருதை வென்றார். ஜெர்மனியின் யூர்கன் கிளின்ஸ்மான் இரண்டாமிடமும் பின்லாந்தின் யாரி லிட்மனென் மூன்றாமிடமும் பெற்றனர். பீஃபா விருதில் மால்டினி இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டின் ஆப்பிரிக்க விருதும் வியாவையே சேர்ந்தது.

இவரது கோல்களுள் மிகவும் பேசப்படுவது 1996 செப்டம்பர் 8 அன்று சான் சீரோ அரங்கில் வெரோனா அணிக்கு எதிராக அடித்ததாகும். ஆட்டம் முடியும் தறுவாயில் வெரோனா அடித்த கார்னர் பந்து எல்லாருடைய தலையையும் தாண்டி வந்தது. தம் அணியின் பெனால்ட்டி பகுதிக்குள் அதைக் கட்டுப்படுத்திய வியா, எவருக்கும் கடத்தாமல் களம் முழுவதையும் ஓடிக் கடந்து எதிரணிக் கோலுக்குள் செலுத்தினார். நடுக்களத்தில் மூவர் சூழ்ந்தபோது, உடலைச் சுழற்றி அவர்களிடையே நழுவிச் சென்றது இந்த ஓட்டத்தின் உச்சம். மிலான் 4-1 என வென்ற இவ்வாட்டம் அப்பருவத்தின் முதல் ஆட்டமாகும். பருவம் முழுவதும் அவ்வாறு அமையவில்லை. மிலான் 11 ஆம் இடத்தில் முடித்தது.

அதே ஆண்டு நவம்பரில் போர்த்துகலின் போர்ட்டோ அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் முடிந்தபின், வீரர்கள் செல்லும் சுரங்கவழியில் போர்ட்டோ வீரர் ஜார்ஜ் கோஸ்டாவைத் தலையால் முட்டி மூக்கை உடைத்தார். கோஸ்டா தம்மை நிறவெறிச் சொற்களால் இழிவுபடுத்தியதாக வியா கூறினார். கோஸ்டா அதை மறுத்தார். வியாவுக்கு ஆறு ஐரோப்பிய ஆட்டங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டுக்கான பீஃபாவின் நேர்மையான ஆட்டத்துக்கான விருதைப் பெற்றவரும் வியாவே என்பது குறிப்பிடத்தக்கது.

1998 இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் இறுதி நிமிடத்தில் கோல் அடித்து லாசியோவை 1-0 என வெல்லச் செய்தார். எனினும் இரண்டாம் ஆட்டத்தில் லாசியோ 3-1 என வென்று கோப்பையைக் கொண்டு சென்றது. ஆல்பர்ட்டோ சக்கெரோனியின் பயிற்சியில் மிலான் 1998-99 பருவத்தின் இறுதிக் கட்டத்தில் லாசியோவை முந்திப் பட்டம் வென்றது. அக்கட்டத்தில் தூரின் நகரில் யுவெண்டசை 2-0 என வீழ்த்திய ஆட்டத்தில் இரு கோல்களையும் அடித்தவர் வியா. இத்தாலிய லீக்கில் இவர் மொத்தம் 114 ஆட்டங்களில் 46 கோல்கள் அடித்தார்.

இறுதிக்காலக் கழகங்கள்

2000 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி கழகத்துக்குக் கடன் அடிப்படையில் சென்றார். வந்த அன்றே டோட்டன்ஹாம் அணிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, ஆட்டத்தின் ஒரே கோலைத் தலையால் முட்டி அடித்தார். அப்பருவத்தில் செல்சி எஃப்ஏ கோப்பையை வென்றது. அதன்பின் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். அடிக்கடி மாற்று வீரராக வைக்கப்பட்டதால் மனநிறைவின்றிச் சில மாதங்களிலேயே விலகினார். பிரான்சின் மார்சேயில் 2001 வரை ஆடிய பின்னர், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஜசீரா கழகத்தில் (அதே பெயரிலான செய்தித் தொலைக்காட்சியுடன் இதற்குத் தொடர்பில்லை) ஆடி 2003 இல் ஓய்வு பெற்றார்.

தேசிய அணி

லைபீரியத் தேசிய அணி 'லோன் ஸ்டார்', அதாவது ஒற்றை விண்மீன், என அழைக்கப்படுகிறது. நாட்டின் கொடியிலுள்ள ஒரே விண்மீனைக் குறிக்கும் பெயர் இது. இவ்வணிக்காக வியா 75 ஆட்டங்களில் 18 கோல்கள் அடித்துள்ளார். ஐரோப்பியக் கழகங்களில் அடித்த கோல்களோடு ஒப்பிட்டால் இவ்வெண்ணிக்கை குறைவாகத் தோன்றலாம். ஆனால் அணியின் நிலையை அறியாமல் இதை மதிப்பிட முடியாது.

1989 டிசம்பரில் சார்ல்ஸ் டெய்லரின் படையினர் ஐவரி கோஸ்டிலிருந்து எல்லை கடந்து நுழைந்ததுடன் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இடையே சிறிது காலம் ஓய்ந்த இப்போர், இரு கட்டங்களாக 2003 வரை நீடித்தது. சுமார் இரண்டரை இலட்சம் மக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதாவது, வியா ஐரோப்பாவில் ஆடிய காலம் ஏறத்தாழ முழுவதும் அவரது நாடு போரில் இருந்தது. அரசிடமோ சங்கத்திடமோ அணியை நடத்தப் பணமில்லை. வீரர்களின் சீருடை, விமானப் பயணச் செலவு, ஊக்கத்தொகை ஆகியவற்றை வியா தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். களத்தில் முன்கள வீரராக மட்டுமன்றி, தேவைப்பட்ட இடங்களில் எல்லாம் ஆடினார். இவருடைய உறவினர்களான ஜேம்ஸ் டெபா, கிறிஸ்டோபர் ரே ஆகியோரும் இவ்வணியில் ஆடினர். இவர்களுள் ரே, வெங்கரின் பயிற்சியில் மொனாக்கோவிலும் பின்னர் ஆர்சனலிலும் ஆடியவர்.

1996 இல் லைபீரியா முதன்முறையாக ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற இப்போட்டியிலிருந்து நைஜீரியா விலகிக்கொண்டதால், லைபீரியாவின் பிரிவில் மூன்று அணிகளே இருந்தன. லைபீரியா, காபோனை 2-1 என வென்று, சயீரிடம் 0-2 எனத் தோற்றது. மூன்று அணிகளும் தலா ஒரு வெற்றியுடன் சமநிலையில் இருக்க, கோல் வேறுபாட்டால் லைபீரியா வெளியேறியது.

அதே ஆண்டு ஏப்ரலில் மொன்ரோவியாவில் சண்டை மிகக் கடுமையானது. ஐக்கிய நாடுகள் அவை லைபீரியாவில் தலையிட வேண்டும் என்று வியா அமெரிக்க நாளிதழான நியூயார்க் டைம்சிடம் கூறினார். இதனைத் தொடர்ந்து மொன்ரோவியாவிலிருந்த அவரது வீட்டை ஆயுததாரிகள் எரித்தனர். வீட்டிலிருந்த உறவினர்களும் தாக்குதலுக்கு உள்ளாயினர். உலகின் சிறந்த வீரர் என்னும் பட்டத்தை அவர் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இதன் பின்னரும் தேசிய அணிக்கு ஆடுவதை அவர் கைவிடவில்லை. 1997 இல் யுனிசெஃப் நிறுவனத்தின் நல்லெண்ணத் தூதராக நியமிக்கப்பட்டு, போரில் ஈடுபடுத்தப்பட்ட சிறார்களின் மறுவாழ்வுக்காகக் குரல் கொடுத்தார்.

உலகக்கோப்பைக்கு மிக அருகில் லைபீரியா சென்றது 2002 ஆம் ஆண்டுப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஆகும். நைஜீரியா, கானா, சூடான், சியேரா லியோன் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் இருந்த லைபீரியாவுக்கு வாய்ப்பு உண்டென்று எவரும் எண்ணவில்லை. 35 வயதை நெருங்கிக்கொண்டிருந்த வியா ஆட்டக்காரராகவும் அணியின் தொழில்நுட்பப் பொறுப்பாளராகவும் இருந்தார். மொன்ரோவியாவில் நைஜீரியாவை 2-1 என வென்றது லைபீரியா. பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே தகுதி பெறும் என்ற நிலையில், இறுதியில் நைஜீரியா 16 புள்ளிகளும் லைபீரியா 15 புள்ளிகளும் பெற்றன. ஒரு புள்ளியில் உலகக்கோப்பை கைநழுவியது. கொரியாவிலும் சப்பானிலும் நடந்த அப்போட்டிக்கு நைஜீரியா சென்றது.

2002 தொடக்கத்தில் மாலியில் நடந்த ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் லைபீரியா இரண்டாவது முறையாகப் பங்கேற்றது. போட்டியை நடத்திய மாலியுடன் 1-1 எனச் சமநிலை அடைந்த ஆட்டத்தில் வியா கோல் அடித்தார். அல்ஜீரியாவுடன் 2-2 எனச் சமநிலை, நைஜீரியாவிடம் 0-1 எனத் தோல்வி என முதற்சுற்றுடன் அணி திரும்பியது. 2025 போட்டி முடிய லைபீரியா மீண்டும் இக்கோப்பைக்குத் தகுதி பெற்றதில்லை.

வியா அணிந்த 14 ஆம் எண் சட்டைக்கு ஓய்வளிக்கும் பொருட்டு, 2018 செப்டம்பர் 11 அன்று மொன்ரோவியாவில் நைஜீரியாவுடன் நட்பு ஆட்டமொன்று நடத்தப்பட்டது. பதவியிலிருந்த குடியரசுத் தலைவரான வியா, தம் 51 ஆம் வயதில் அதில் களமிறங்கி 79 நிமிடங்கள் ஆடினார். நைஜீரியா 2-1 என வென்றது.

அரசியல்

போருக்குப் பின் 2005 இல் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் வியா போட்டியிட்டார். முதற்சுற்றில் 28 விழுக்காடு வாக்குகளுடன் முதலிடம் பெற்றபோதிலும், இரண்டாம் சுற்றில் எலன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். ஹார்வர்டில் பயின்ற பொருளியலாளரான சர்லீஃபுடன் ஒப்பிட்டு, வியாவின் கல்விக்குறை அத்தேர்தலில் வெகுவாகப் பேசப்பட்டது. பின்னர் அவர் பள்ளிக்கல்வியை நிறைவுசெய்து, அமெரிக்காவில் வணிக நிருவாகமும் பயின்றார். 2011 இல் வின்ஸ்டன் டப்மனுடன் துணைத் தலைவர் வேட்பாளராக நின்று தோற்றார். 2014 இல் மொன்ட்செராடோ மாவட்டத்தின் செனட்டராக, குடியரசுத் தலைவரின் மகனான ராபர்ட் சர்லீஃபைத் தோற்கடித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2017 டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில், அப்போதைய துணைத் தலைவர் ஜோசப் போவக்காயை 61.5 விழுக்காடு வாக்குகளுடன் வென்று, 2018 ஜனவரி 22 அன்று பதவியேற்றார். லைபீரியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவர் மற்றொருவருக்கு அமைதியாகப் பதவியைக் கையளித்தது 1944 இற்குப் பின் இதுவே முதன்முறை. சார்ல்ஸ் டெய்லரின் முன்னாள் மனைவி ஜுவல் ஹோவர்ட் டெய்லர் துணைத் தலைவரானார். போரில் பாதிக்கப்பட்ட பலருக்கு இத்தெரிவு உவப்பாக இருக்கவில்லை. விலைவாசி உயர்வையும் ஊழலையும் எதிர்த்து 2019 ஜூனில் மொன்ரோவியாவில் பெரும் போராட்டம் நடைபெற்றது.

2023 நவம்பரில் மீண்டும் போவக்காயை எதிர்கொண்டு, 49.36 விழுக்காடு வாக்குகளுடன் மிகக் குறைந்த வேறுபாட்டில் தோற்றார். எண்ணிக்கை முழுமையடையும் முன்னரே தொலைபேசியில் போவக்காயை வாழ்த்தித் தோல்வியை ஒப்புக்கொண்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இராணுவப் புரட்சிகள் நடந்துவந்த அக்காலத்தில் இச்செயல் பன்னாட்டளவில் பாராட்டைப் பெற்றது. 2024 ஜனவரியில் பதவியை விட்டு நீங்கினார்.

குடும்பம்

வியாவின் மனைவி கிளார் ஜமெய்க்காவைப் பூர்வீகமாகக் கொண்டவர். இவர்களின் மகன் திமொத்தி வியா 2000 ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். அவரும் முன்கள வீரராகத் தந்தையின் முன்னாள் கழகமான பாரிஸ் சான் ஜெர்மானில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கி, பின்னர் லீல், யுவெண்டஸ், மார்சேய் ஆகிய கழகங்களில் ஆடினார். தேசிய அளவில் ஐக்கிய அமெரிக்க அணியைத் தெரிவு செய்த திமொத்தி, 2022 நவம்பர் 21 அன்று கத்தார் உலகக்கோப்பையில் வேல்சுக்கு எதிராகக் கோல் அடித்தார்.